சம்பந்தியோடு பேசக் கற்ற ஜெர்மன்

தொழில்கள் அனைத்திலும் கடினமானது மாணவத் தொழில். ஏனைய தொழில்களில் வயது ஏற ஏற மதிப்பும் ஏறும். இந்த ஒன்றில்மட்டும் வயது ஏற ஏற உட்காரும் பெஞ்சு பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நரை கண்டபின் அந்நிய மொழியொன்றின் அரிச்சுவடியைக் கையில் எடுத்து, பேத்தி வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து, வீட்டுப்பாடம் முடிக்காமல் விழித்த அன்பர் எவரேனும் இருப்பின், இதில் வரும் துன்பங்களை அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சோமனூரில் விசைத்தறி ஓட்டிப் பிழைத்த நான், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆயினும் ஆங்கிலத்தை அகராதியிடமும், இந்தியை வானொலியிடமும், மலையாளத்தைத் துணி வாங்க வந்த பாலக்காட்டு வியாபாரிகளிடமும் கற்றுக்கொண்டேன். பள்ளியை விட்டபின் ஆசிரியர் என்று ஒருவர் முன்னும் கைகட்டி நின்றதில்லை. அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவள் என் மகள் யாழினி. ஜெர்மனியில் பொறியாளராகப் பணிபுரியும் அவள், உடன் பணிபுரியும் யோனாஸ் என்னும் இளைஞனை மணக்க விரும்பினாள். நாங்களும் இசைந்தோம். தை மாதத்தில் சோமனூரிலேயே திருமணம் என்றும், மாப்பிள்ளையின் தந்தையார் ஹெல்முட்டும் தாயார் இங்ரிட்டும் முன்னதாகவே வந்துவிடுவார்கள் என்றும் முடிவாயிற்று.

சம்பந்திகள் முதன்முதலாக நம் வீட்டில் கைநனைப்பது எங்கள் பக்கத்தில் சாமானிய விஷயமன்று. அன்றைய விருந்தில் குறை நேர்ந்தால் பேரன் பேத்தி காலம்வரை அது பேசப்படும். அத்தகைய வேளையில் மணப்பெண்ணே நடுவில் நின்று பெரியவர்களின் பேச்சை மொழிபெயர்ப்பது முறையாகுமா? "சம்பந்தியை நானே வரவேற்பேன், நானே உபசரிப்பேன், வயிறு நிறைந்ததா என்பதையும் அவர் வாயாலேயே அவர் மொழியிலேயே கேட்டறிவேன்" என்று உறவினர் அத்தனை பேர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டேன். அறிவித்தபின் பின்வாங்கும் வழக்கம் என்னிடம் இல்லை.

கன்னி உரை

வழக்கம்போல் ஆசிரியர் துணையின்றியே தொடங்கினேன். நூலகத்தில் கிடைத்த பழைய ஜெர்மன் பாடநூல் ஒன்றை எடுத்து வந்து, அட்டை கிழியும்வரை படித்தேன். எழுத்துகள் ஆங்கில எழுத்துகளே ஆதலால் உச்சரிப்பைப் பற்றி நான் கவலை கொள்ளவில்லை. "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் குடும்பத்தினர் அனைவரும் நலமா? தங்கள் வரவை எங்கள் இல்லம் ஆவலுடன் எதிர்நோக்குகிறது" என்னும் பொருள்பட ஓர் உரையைத் தயாரித்து, மனப்பாடம் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பில் சம்பந்தியார் தோன்றியதும், சலவைச் சட்டையோடு எழுந்து நின்று தடையின்றிப் பேசி முடித்தேன்.

ஹெல்முட் அவர்கள் கண்களை மூடி, தலையை மெல்ல அசைத்து, இசைக் கச்சேரி கேட்பவரைப்போல் இறுதிவரை கேட்டார். பிறகு நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னார். என் உரை அவரை உருக்கிவிட்டது என்று எண்ணி நான் மீசையை நீவிக்கொண்டிருக்கையில், யாழினி உதட்டைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "அப்பா, 'தமிழ் கேக்கறதுக்கு நெம்ப இனிமையா இருக்குது'ன்னு சொல்றாருங்க."

கடைசிப் பெஞ்சு

மறுவாரமே கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாலைநேரச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தேன். கல்வித் தகுதி எதையும் அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். முதல் நாள் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து வகுப்பறைக்குள் நுழைந்தேன். உள்ளே இருந்த பிள்ளைகள் அனைவரும் ஒருசேர எழுந்து, "குட் ஈவினிங் சார்" என்றனர். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று மகிழ்ந்து, கையமர்த்தி உட்காரச் சொல்லிவிட்டு, நேரே நடந்து கடைசிப் பெஞ்சில் போய் அமர்ந்தேன். வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. அவர்கள் பார்வையில் மரியாதை போய்க் குழப்பம் வந்திருந்தது.

சற்று நேரத்தில், தலையில் துப்பட்டாவும் தோளில் துணிப்பையுமாக ஓர் இளம்பெண் வேகமாக உள்ளே வந்து, இடம் தேடுபவள்போல் நின்றாள். முதல் நாளே தாமதமாக வருகிறதே இந்தப் பெண் என்று இரங்கி, என் பக்கத்தில் இருந்த பையை நகர்த்தி, "இங்க எடமிருக்குது அம்மணி, கூச்சப்படாம வந்து உக்காரு" என்று அழைத்தேன். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி, வணக்கத்துக்குரிய ஜெர்மன் சொல்லை அழகாக எழுதிவிட்டு, என்னை நோக்கிப் புன்னகையோடு சொன்னாள்: "உக்காந்தா பாடம் நடத்த முடியாதுங்கய்யா, நான் டீச்சருங்க."

பெயர் சொல்ல மறுத்த பெண்

ஆசிரியையின் பெயர் பர்வீன். கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். என் மகளைவிட இளையவர். என் மனைவியைவிடக் கண்டிப்பானவர். அன்றைக்கே நான் என் தேவையை அவரிடம் சுருக்கமாக எடுத்துரைத்தேன். மற்றவர்களைப்போல் மேற்படிப்போ வேலையோ எனக்கு வேண்டியதில்லை. சம்பந்தியை உபசரிக்கும் சொற்களும், 'வயிறு நிறைந்ததா' என்று கேட்கும் வாக்கியமும் தெரிந்தால் போதும், அதைமட்டும் இன்றே சொல்லிக்கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். சாப்பாட்டுப் பாடம் புத்தகத்தின் நடுப்பகுதியில்தான் வரும், அதுவரை எல்லோரையும்போல் வரிசையாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

முதல் பயிற்சி, பக்கத்தில் இருப்பவரை வகுப்புக்குப் பெயர்சொல்லி அறிமுகப்படுத்துவது. என் பக்கத்தில் இருந்தவள் மதுக்கரையிலிருந்து வரும் ஸ்டெல்லா. செவிலியர் படிப்பு முடித்து ஜெர்மன் மருத்துவமனை வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். என் பெயர் பொன்னுசாமி. 'இவர் பொன்னுசாமி' என்பதற்கு 'டஸ் இஸ்ட் பொன்னுசாமி' என்று சொன்னால் முடிந்தது. அவள் எழுந்து, "டஸ் இஸ்ட்" என்றாள். நின்றாள். மறுபடியும் "டஸ் இஸ்ட்" என்றாள். முகம் சிவந்தது. "பேரச் சொல்லும்மா" என்றார் ஆசிரியை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே, "டஸ் இஸ்ட் ஐயா" என்றாள்.

ஜெர்மனியில் எல்லோரும் எல்லோரையும் பெயர்சொல்லித்தான் குறிப்பிடுவார்கள், அதில் அவமரியாதை எதுவுமில்லை என்று ஆசிரியை எவ்வளவோ எடுத்துச் சொன்னார். நானும், "சொல்லு கண்ணு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்று அனுமதியளித்தேன். பயனில்லை. அன்றுமுதல் அந்த வகுப்பில் என் பெயர் 'ஹெர் ஐயா' என்றே நிலைத்துவிட்டது, 'திரு. ஐயா' என்று பொருள். அதற்குக் காரணமான ஸ்டெல்லா ஆசிரியையிடம் சொன்னது இது: "எங்கப்பாவுக்கே மூத்தவருங்க மேடம், பேரச் சொன்னேன்னு தெரிஞ்சா எங்கம்மா எனக்குச் சோறு போடாதுங்க."

சூலூர் தாண்டியதும்

ஜெர்மன் மொழியில் ஓர் ஒலி உண்டு. தொண்டையின் அடியாழத்திலிருந்து, கபத்தைக் காறுவதற்கு ஒரு நொடி முந்தைய நிலையில் நிறுத்தி அதை எழுப்ப வேண்டும். வீட்டில் பயின்றால் துணைவியார் வேப்பங்கொழுந்து அரைத்து நீட்டுகிறார் என்பதால், பேருந்தில் பயில்வது என்று தீர்மானித்தேன். சோமனூரிலிருந்து கோயம்புத்தூர் போகும் வண்டியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆஹ், ஓஹ், ஊஹ் என்று வரிசையாக எழுப்பிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் என்னுடையது, அடக்கினாலும் அடங்காது.

சூலூர் தாண்டியதும் கண் திறந்து பார்த்தேன். என் இருக்கையில் எனக்கு முழு உரிமை வந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் நின்றுகொண்டிருந்தார். முன்னிருக்கை அம்மாள் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார். பின்னாலிருந்து ஒரு பாலிதீன் பை வந்தது. 'நான் ஜெர்மன் படிக்கிறேன்' என்று விளக்கினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இரக்கத்தோடு இன்னொரு எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தார்கள். நடத்துநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, விசில் அடித்து, ஓட்டுநரிடம் உரக்கச் சொன்னார்: "அண்ணா, வண்டிய ஓரமா நிறுத்துங்க, ஐயாவுக்கு ஜெர்மன் வருதாமா!"

நீலம் யாருக்கு

ஜெர்மன் மொழியில் நாற்காலி ஆண்பால், கடிகாரம் பெண்பால், கட்டில் இரண்டுமில்லை. ஏன் என்று கேட்கக்கூடாது. இதை மனத்தில் இருத்த ஆசிரியை ஒரு வழி சொன்னார். வீட்டுப் பொருள்களின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மற்றதற்குப் பச்சை. நான் எதையும் அரைகுறையாகச் செய்பவனல்லன். மின்விசிறி, பீரோ, குளிர்சாதனப் பெட்டி, கதவு, ஜன்னல், கட்டில் என்று தொடங்கி, பரண்மேல் இருந்த என் தாயாரின் வெண்கலக் குண்டாவரைக்கும் ஒட்டி முடித்தேன். துணைவியார் தூணோரம் நின்று கவனித்துவிட்டு, "எனக்கு எந்த நெறமுன்னாலும் சரி, முதுகுல மட்டும் ஒட்டிப்போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் என் தங்கை ருக்மணி, தன் ஊர்த் திருவிழாப் பலகாரத்தோடு வந்தாள். வாசற்படி தாண்டியதும் அப்படியே நின்றாள். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள். கூடத்திலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து பூஜை அறைக்கும் நடந்தாள். காப்பி கொடுத்தோம், தொடவில்லை. பலகாரப் பாத்திரத்தைக்கூடத் திரும்ப வாங்காமல் படியிறங்கியவள், மனம் பொறுக்காமல் திரும்பி வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "பாகம் பிரிக்கறது உங்க இஷ்டமுங்கண்ணா, கூடப்பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? அம்மாவோட குண்டாவுக்கு நீலத்தை ஒட்டிப்போட்டீங்களே, அந்த நீலம் ஆருங்க?"

உதடில்லாத பெட்டி

தறிக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வித்தை கைகூடியிருக்கும். நாற்பது தறி ஓடும் இரைச்சலில் காது உதவாது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். வகுப்பில் என் வெற்றியின் இரகசியமும் இதுவே. ஒருநாள் மின்சாரம் போய், ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. ஆசிரியை சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. நான்மட்டும் கடைசிப் பெஞ்சிலிருந்து அவர் உதட்டைப் பார்த்து, "இஷ் ஹாப ஹுங்கர்! எனக்குப் பசிக்கிறது!" என்று முழங்கினேன். அதுவேதான் அன்றைய வாக்கியம். வகுப்பு கை தட்டியது. ஆசிரியை வேண்டுமென்றே குரல் எழுப்பாமல் உதட்டைமட்டும் அசைத்து, பசி, தாகம், தூக்கம் என்று வரிசையாகச் சோதித்தார். ஒன்றும் தப்பவில்லை.

அந்தப் புகழ் ஒரு வாரமே நிலைத்தது. அடுத்த வாரம் கேட்டல் பயிற்சி. மேசைமேல் ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைத்தார்கள். ஜெர்மனியின் ஏதோ ஒரு ரயில் நிலையத்து அறிவிப்பு ஒலித்தது. எந்த வண்டி, எந்த நடைமேடை என்று எழுத வேண்டும். நான் அந்தப் பெட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை ஒலித்தபோது எழுந்து அருகில் சென்றும் பார்த்தேன். விடைத்தாளில் பெயரைத்தவிர வேறெதுவும் எழுதாமல் நீட்டியபோது, "அதுக்கு ஒதடு இல்லீங்களே மேடம்" என்று என் தரப்பு நியாயத்தை எடுத்துரைத்தேன். ஆசிரியை தாளை வாங்கிக்கொண்டு கேட்டார்: "அப்பச் சரிங்கய்யா, மக ஊட்டுக்குப் போறப்ப ஸ்டேஷன் மாஸ்டர வெளிய வந்து நேர்ல சொல்லச் சொல்லலாங்களா?"

திரும்பிப் போன காப்பி

நான் காத்திருந்த சாப்பாட்டுப் பாடம் ஒருவழியாக வந்தது. 'ஸிண்ட் ஸீ ஸட்?' என்றால், 'வயிறு நிறைந்ததா?' கேட்ட மாத்திரத்தில் கல்வெட்டுப்போல் மனத்தில் பொறித்துக்கொண்டேன். அன்று ஆசிரியை, உபசரிப்பு உரையாடலைப் பழக்குவதற்காகத் தம் வீட்டிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்க் நிறையக் காப்பியே கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவரிடமும் சென்று, 'காப்பி வேண்டுமா?' என்று ஜெர்மனில் கேட்பார். நாங்கள் ஜெர்மனில் விடை சொல்ல வேண்டும்.

முதலில் என்னிடம் வந்தார். காப்பி மணம் மூக்கைத் துளைத்தது. மதிய வெயிலில் பேருந்தில் வந்த களைப்பு வேறு. ஆயினும் கேட்டவுடன் கையை நீட்டுவதற்கு நானென்ன நாகரிகமற்றவனா? "நைன், டங்க்கெ" என்றேன். 'வேண்டாம், நன்றி' என்று பொருள். பிறகு அவர் வற்புறுத்துவதற்காகக் காத்திருந்தேன். அவரோ நகர்ந்து போய்விட்டார்! அடுத்து ஸ்டெல்லா: "நைன், டங்க்கெ." அதற்கடுத்தவன்: "நைன், டங்க்கெ." திருப்பூர், பல்லடம், அவிநாசி என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒருவர் தவறாமல் வேண்டாமென்றார்கள். சென்னையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த ஒரு பையன்மட்டும் 'வேண்டும்' என்று சொல்லி, இரண்டு கோப்பை வாங்கி, எங்கள் அனைவர் கண்முன்னும் ஊதி ஊதிக் குடித்தான்.

ஆசிரியை பிளாஸ்கை மூடினார். இரண்டாம் முறை கேட்பார் என்று கடைசிவரை நம்பியிருந்த எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானும் இந்த ஊருதான், உங்க வேண்டாமுக்கு அர்த்தம் எனக்குத் தெரியுமுங்க. ஆனா ஜெர்மன்காரங்க வேண்டாம்னா வேண்டாந்தான், வேணும்னா வேணுந்தான். ரெண்டாவது தடவ கேக்கறது அவங்களுக்குத் தொந்தரவு குடுக்கற மாதிரி. இதையாவது ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, காப்பிய நான் எடுத்துட்டுப் போறேன்."

தேர்வு

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். நானும் ஸ்டெல்லாவும் ஒரு ஜோடி. உள்ளே நுழைந்ததும் அவர் மரியாதைக்காகத் தண்ணீர்ப் போத்தலைத் தொட்டு, 'தண்ணீர் வேண்டு...' என்று தொடங்கினார். காப்பி கற்பித்த பாடம் எனக்குள் கனன்றுகொண்டிருந்தது. அவர் வாக்கியத்தை முடிக்குமுன்பே, "யா! பிட்டெ!" என்றேன். 'ஆம்! தயவுசெய்து!' தறிக்கூடத்துக் குரல். அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நீச்சல், இசை, பயணம் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. "எனக்கு ஓய்வு நேரம் இல்லை, நான் ஜெர்மன் கற்கிறேன்" என்று பிழையின்றிச் சொன்னேன். அவர் சிரித்து, குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். கேட்டல் பகுதியில் கரையேறாவிட்டாலும் பேச்சுப் பகுதியின் புண்ணியத்தில் தேறிவிட்டேன். முடிவு தெரிந்த அன்று ஸ்டெல்லா தொலைபேசியில் வாழ்த்தினாள்: "அந்தத் தண்ணிக்கே உங்களுக்குப் பாதி மார்க்கு போட்டிருப்பாருங்கய்யா, மாட்டேன்னா அடிச்சுப்போடுவீங்களோன்னு பயந்துட்டாரு."

சம்பந்தி கைநனைத்த நாள்

சம்பந்திகள் வந்து சேர்ந்தார்கள். விருந்தன்று காலை, மொழிபெயர்க்கத் தெரிந்த யாழினியையும் மாப்பிள்ளையையும் தையற்கடையில் கல்யாணச் சட்டை வாங்கிவரும்படி கோயம்புத்தூருக்கு அனுப்பிவைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? வாசலில் நின்று ஜெர்மனில் வரவேற்றேன். இம்முறை ஹெல்முட் அவர்களுக்கு அது ஜெர்மன் என்று புரிந்தது. கதவிலும் பீரோவிலும் நான் ஒட்டிய சீட்டுகளை இருவரும் ஒவ்வொன்றாகப் படித்துப் பூரித்தனர். பாகப்பிரிவினை இல்லை என்று தெளிந்து பரிமாற வந்திருந்த ருக்மணி, "நீலத்தைச் சம்பந்தியே வெச்சுக்கட்டுங்க" என்று தாராளம் காட்டினாள்.

வாழையிலை விரித்தோம். இடியாப்பம்போல் பிழிந்த சந்தகை, தேங்காய்ப்பால், வெள்ளாட்டுக்கறிக் குழம்பு, அரிசிம்பருப்புச் சோறு, நெய் மணக்கும் ஒப்பிட்டு என்னும் போளி. முதலில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார்கள். இரண்டு இலைகளும் நொடியில் காலியாயின. என் நேரம் வந்தது. "இன்னும் சந்தகை வேண்டுமா?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

"நைன், டங்க்கெ" என்றார் ஹெல்முட், புன்னகையோடு.

"எடுத்துட்டுப் போ" என்றேன் துணைவியாரிடம். குழம்பு வந்தது. நைன், டங்க்கெ. எடுத்துப்போகச் சொன்னேன். ஒப்பிட்டு வந்தது. இங்ரிட் அம்மையார் அதை ஒரு கணம் பார்த்தார், கணவரைப் பார்த்தார், "நைன், டங்க்கெ." அதுவும் போயிற்று.

துணைவியார் என்னைச் சமையலறை வாசலுக்கு இழுத்தார். "ஏனுங்க, ஒருக்கா கேட்டுப்போட்டு உட்டர்றதுங்களா? இன்னொருக்கா கேளுங்க."

"அவங்க நாட்டுல வேண்டாம்னா வேண்டாந்தான். திருப்பிக் கேட்டா தொந்தரவு. நான் படிச்சிருக்கறேன், நீ கம்முனு இரு."

"ஊட்டுக்கு வந்த சம்பந்திக்குங்களா அந்தச் சட்டம்?"

நான் பொருட்படுத்தவில்லை. இலைமுன் போய் நின்று, இத்தனை காலம் காத்துவைத்திருந்த வாக்கியத்தைத் தெளிவாக எடுத்துவிட்டேன்: "ஸிண்ட் ஸீ ஸட்?" ஹெல்முட் காலி இலையைப் பார்த்தார். "யா... யா" என்றார். சபதம் நிறைவேறிற்று. மீசையை நீவியபடி, அவர்களுக்குக் கை துடைக்கத் துண்டு எடுக்கக் கூடத்தின் மறுகோடிக்குச் சென்றேன்.

அடுத்த வீட்டில் தறிகள் ஓடத் தொடங்கின. கூடமெங்கும் இரைச்சல். தற்செயலாகத் திரும்பினேன். இங்ரிட் அம்மையார் கணவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். சத்தம் கேட்கவில்லை, எனக்குச் சத்தம் தேவையுமில்லை. அந்த உதட்டசைவை ஜெனரேட்டர் ஓடிய நாளில் நான் பார்த்திருக்கிறேன். 'இஷ் ஹாப ஹுங்கர்.' எனக்குப் பசிக்கிறது. ஹெல்முட்டின் உதடுகள் விடை சொல்லின: 'எனக்கும்தான்.'

துண்டைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். நான் வாய் திறக்குமுன்பே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு துணைவியார் சந்தகைத் தட்டைத் தூக்கினார். ருக்மணி குழம்போடு பின்தொடர்ந்தாள். அவ்வேளையில் கல்யாணச் சட்டை அடங்கிய பையோடு உள்ளே வந்த யாழினி, மாமியாரிடம் நடந்ததைக் கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்பா, நாந்தானுங்க சொல்லிக்குடுத்தேன். எங்கூர்ல மொதத் தடவ கேட்டதுமே வாங்கிக்கக்கூடாது, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லோணும், மூணாவது தடவ வாங்கிக்கோணும்னு. வாராவாரம் ஒத்திகை பாத்தாங்க. நீங்க எதுக்கும் மூணாவது தடவைக்கு வரவே இல்லியாம்!"

துணைவியார் எவரையும் எதையும் கேட்கவில்லை. சந்தகையை வைத்தார், குழம்பை ஊற்றினார், ஒப்பிட்டின்மேல் ஒப்பிட்டாக அடுக்கி நெய்யைச் சாய்த்தார். ஹெல்முட் நெற்றி வியர்வை துடைக்கவும் நேரமின்றி உண்டார். நெடுநேரம் கழித்து, நான் மெல்ல நெருங்கி, "ஸிண்ட் ஸீ ஸட்?" என்று மீண்டும் கேட்டேன். அவர் என்னைக் கலக்கத்தோடு பார்த்தார். நான் மறுபடியும் எடுத்துப்போகச் சொல்லிவிடுவேனோ என்பதுபோல் இடக்கையால் இலையைத் தம் பக்கம் சற்று இழுத்துக்கொண்டார். பிறகு என்னை விட்டுவிட்டு, ஒப்பிட்டுத் தட்டோடு நின்ற துணைவியாரை நிமிர்ந்து நோக்கி, யாழினி கற்பித்த ஒரே தமிழ்ச் சொல்லை அழுத்தந்திருத்தமாக உச்சரித்தார்: "வேண்டாங்க."

ஆக அன்பர்களே, அரும்பாடுபட்டு நான் ஜெர்மானியனாகவும் அவர் கொங்கு நாட்டாராகவும் மாறி முடித்திருந்த அந்த நண்பகலில், விருந்தினர் உண்ணுமுன் உண்ணாத நானும் உபசரிப்புக்குக் காத்திருந்த அவருமாகச் சேர்ந்து பட்டினி கிடந்ததே, எங்கள் இருவர் படிப்புக்கும் சேர்த்துக் கிடைத்த சான்றிதழ்.